விளக்கு எரிந்து குரல் வரும் வரை

போன மாதம் உங்கள் பயிற்சி வகுப்புக்கு என்னை விருந்தாளியாகக் கூப்பிட்டிருந்தீர்கள். சுவரில் பெரிய திரை. எத்தனை அழைப்புகள் காத்திருக்கின்றன, யார் எத்தனை விநாடியில் எடுத்தார் என்பதெல்லாம் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் கேட்டாள், "உங்க காலத்துல இதை எப்படி மேடம் அளந்தீங்க?" நான் "ஸ்டாப் வாட்ச் வைத்து" என்றேன். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். சமோசா சாப்பிட்டேன், சால்வை வாங்கிக்கொண்டேன், ஆட்டோ பிடித்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறுத்த ஆரம்பித்தது. அந்தப் பெண் கேட்டது எப்படி என்று. நான் சொன்னதோ ஒரு கருவியின் பெயர். சரியான பதிலுக்கு அரை மணி நேரம் வேண்டும், அதில் நான் நல்லவளாகவும் வரமாட்டேன். சால்வை போட்டவர்கள் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது எனக்குச் சுலபம், அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நெல்லையில் ஒரு தொலைபேசி நிலையம். எது என்று சொல்லப்போவதில்லை. அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் இன்னமும் கடைத்தெருவில் என்னைக் கண்டால் வளையல் கடையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொள்கிறார்கள், அவர்களுக்குப் புதிதாக ஒரு காரணத்தைக் கொடுப்பானேன்.

அப்போது எல்லா வீட்டிலும் போன் கிடையாது. இருந்தவர்களிலும் பாதிப்பேர் வெளியூருக்கு நேராகப் பேச முடியாது, எங்களைத்தான் கூப்பிட வேண்டும். ஆபரேட்டர் முன்னால் இருக்கிற பலகையில் ஒரு சின்ன விளக்கு எரியும். கம்பி நுனியிலுள்ள செருகியை அதன் துளையில் செருகி "சொல்லுங்க" என்றால் எதிர்முனையில் ஒரு மனிதர் இருப்பார். பம்பாயில் மகன், நாகர்கோவிலில் ஆஸ்பத்திரி, மதுரையில் வக்கீல் என்று எதையாவது கேட்பார். பதினோரு வருடம் நானும் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். என் பக்கத்து நாற்காலி கோமதி. என்னைவிட எட்டு வயது மூத்தவள், வாய்த்துடுக்கு, ஆனால் என் டிபன் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டுத் தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளுகிற மனசு. நான் தனி ஆள். பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். ஊர் ஆழ்வார்திருநகரி. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அங்கே போய் இறங்குவதற்குக் காரணம் இல்லாமல் போயிருந்தது. ஆக, ஒரு நாளில் நான் பேசுகிற பேச்சு முழுக்க அந்தப் பலகை முன்னாலும் சாப்பாட்டு மேசையிலும்தான்.

பிறகு எனக்குப் பதவி உயர்வு வந்தது. பெயர் பெரிது, வேலை சின்னது. ஆபரேட்டர்கள் அழைப்பை எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள் என்று அளக்க வேண்டும்.

மாடிப்படிக்குப் பின்னால் ஒரு குறுகலான அறை. அதுவரை பழைய டைரக்டரிகளைப் போட்டு வைத்திருந்தார்கள். அங்கே எனக்கு ஒரு மேசை, ஒரு ஸ்டாப் வாட்ச், கோடு போட்ட தாள்கள், ஒரு ஹெட்செட். அந்த ஹெட்செட்டில் காது மட்டும்தான் உண்டு. பேசுகிற குழலைக் கழற்றி எடுத்திருந்தார்கள். கவனிப்பவர் தவறிப்போய்க்கூடப் பேசிவிடக் கூடாதாம். யாராவது ஒரு ஆபரேட்டரின் அழைப்புக் கம்பியில் நான் சேர்ந்துகொள்வேன். அங்கே விளக்கு எரியும்போது என் மேசையிலும் எரியும். வாட்ச்சை அமுக்குவேன். ஆபரேட்டரின் குரல் வந்ததும் நிறுத்துவேன். பத்து விநாடிக்குள் வந்தால் நல்லது. எண்ணை எழுதுவேன். அடுத்தது. அவ்வளவுதான்.

முதல் நாள் மத்தியானம் வழக்கம்போல டிபன் பாக்ஸோடு சாப்பாட்டு மேசைக்குப் போனேன். ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர்கள் கப்சிப் என்று ஆகிவிட்டார்கள். கோமதி எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினாள்.

"மேடம், இங்கன உக்காருங்க. நாங்க முடிச்சுட்டோம்."

அவள் தட்டில் பாதிச் சோறு இருந்தது. பதினோரு வருடமாக என்னை 'ஏட்டி' என்று கூப்பிட்டவள். நான் உட்கார்ந்து சாப்பிட்டேன். என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. மறுநாளிலிருந்து என் அறையிலேயே டைரக்டரிகளைப் பார்த்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தேன்.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். உங்களை அளக்கிறவர் யார் என்று உங்களுக்கே தெரியாது, அது ஏதோ ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. எங்களுக்கு அது ஒரு ஆள். அந்த ஆள் நான். காலையில் படியேறும்போது வணக்கம் வரும், சாயங்காலம் இறங்கும்போது வணக்கம் வரும். நடுவில் நாள் முழுக்க அவர்கள் எல்லாருடைய குரலும் என் காதுக்குள் இருக்கும், என் குரல் மட்டும் ஒருவர் காதிலும் இருக்காது. சில நாள் வீட்டுக்குப் போய்ப் பால்காரரிடம் பேசும்போது தொண்டை கட்டிக்கொண்ட மாதிரி இருக்கும், செருமிக்கொள்ள வேண்டியிருக்கும்.

இப்போது தொழில் ரகசியம் ஒன்று. கவனிப்பவர் கம்பியில் சேர்ந்தால் சத்தம் ஒரு துளி குறையும். வெளியாளுக்குத் தெரியாது. ஆபரேட்டர் காதுக்குத் தெரியும். தெரிந்ததும் அவள் கையிலிருக்கிற பென்சிலால் பலகையின் மரச்சட்டத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாள். டொக் டொக். வரிசை முழுக்க நிமிர்ந்து உட்காரும். அதற்குப் பிறகு விளக்கு எரிந்தால் யாரோடு என்ன பேசிக்கொண்டிருந்தாலும் அவரை அப்படியே விட்டுவிட்டு, புது விளக்கில் செருகி "ஒரு நிமிஷம் இருங்க" என்று சொல்லிவிடுவார்கள். நான்கு விநாடி. ஐந்து விநாடி. வாட்ச் நின்றுவிடும். குரல் வந்துவிட்டதே.

ஆனால் நான் அந்தக் கம்பியில் இருப்பேன். ஒரு நிமிஷம் என்று சொன்னவள் திரும்பி வர மூன்று நிமிஷம் ஆகும், நான்கும் ஆகும். எதிர்முனையில் அந்த மனிதர் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். "யம்மா, இருக்கியளா?" என்று கேட்பார். கேட்டுக்கொண்டிருப்பது உலகத்திலேயே நான் ஒருத்திதான், என்னிடம் வாய் இல்லை. தாளில் "4" என்று எழுதியிருப்பேன்.

இந்த ரகசியம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தப் பென்சிலை நானே எத்தனையோ முறை தட்டியிருக்கிறேன். எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த பெரியவரை அப்படித்தான் ஏமாற்றினோம். பாவம், அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்கு அப்படிச் சொல்லிக்கொள்ளவும் வழியில்லை. ஹெட்செட்டுக்குள் அந்த டொக் டொக் சத்தம் தெளிவாகக் கேட்கும். ஒவ்வொரு மணி நேரத்திலும் பென்சில் விழுவதற்கு முன்னால் வருகிற முதல் எண் மட்டும்தான் உண்மை என்று எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் நாடகம், என் ஒருத்திக்காக நடக்கிற நாடகம்.

முதல் மாதமே மேலதிகாரியிடம் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே இருக்கும்போது சரஸ்வதி பூஜை வந்தது. பலகைகளுக்கெல்லாம் சந்தனம் தடவி, செருகிகளுக்குக் குங்குமம் வைத்து, பொரி கடலை படைப்பார்கள். நான் அறையில் உட்கார்ந்து காதில் ஒன்றும் மாட்டாமல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. கோமதி.

"ஏட்டி, இங்கன என்ன ஒத்தையில உக்காந்துருக்க? வந்து சாமியக் கும்புடு. சுண்டல் ஆறிப் போவுது."

ஏட்டி என்றாள். நான் எழுந்து அவள் பின்னாலேயே போனேன். எல்லாரும் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். யாரோ என் நெற்றியில் சந்தனம் வைத்தார்கள். சுண்டலைக் கையில் வாங்கும்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன், பென்சிலைப் பற்றி யாரிடமும் சொல்லப்போவதில்லை என்று. மற்றவர்கள் விலை போகிறபோது ஏதேதோ பெரிதாகக் கேட்பார்களாம். எனக்கு ஒரு கை சுண்டல் போதுமாயிருந்தது.

அந்த வரிசையில் பென்சிலுக்கு அசையாத ஒருத்தி இருந்தாள். இசக்கி. முழுப்பெயர் இசக்கியம்மாள். ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தினமும் திருச்செந்தூர் பாசஞ்சரில் வருகிற பெண். அப்பா வாழைத்தோட்டத்தில் கூலி. இவள் மணிக்கணக்குச் சம்பளத்தில் ஐந்து வருடமாக ஓடிக்கொண்டிருந்தாள். அவளைப்போல நிரந்தரமாகாதவர்கள் ஐந்து பேர் இருந்தார்கள், கோமதியின் தங்கை மகளும் அதில் ஒருத்தி. அந்த ஐந்து பேருக்கும் ராத்திரி கனவு, பகல் கனவு எல்லாம் ஒன்றுதான், நிரந்தரம்.

இசக்கியின் எண்கள் மோசம். பதினாறு, இருபது, இருபத்திரண்டு. விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். கடைசியில் குரல் வரும். "காக்க வச்சிட்டேன், கோவிச்சுக்கிடாதிய, சொல்லுங்க." அதற்குப் பிறகு அந்த மனிதரை அவள் விடமாட்டாள். முக்கூடலிலிருந்து ஒரு பெரியவர் நம்பரை மறந்துவிட்டு, மகன் வேலை பார்க்கிற கடையின் பெயரை மட்டும் சொன்னால், ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, எங்கேயோ விசாரித்து நம்பரைப் பிடித்து, மணி அடித்து, அந்தப் பக்கம் மகன் "அப்பா" என்று சொல்கிறவரை இருப்பாள். அவள் கம்பியில் நான் சேர்ந்திருந்த எந்த மணி நேரத்திலும் "ஹலோ, ஹலோ" என்று தனியாகக் கூப்பிடுகிற குரலை நான் கேட்டதில்லை.

ஒருநாள் சாயங்காலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் அவளைப் பார்த்தேன். பார்ப்பதற்காகவே போனேன் என்பதுதான் நிஜம்.

"இசக்கி, சத்தம் குறையுறது உனக்குக் கேக்கும்லா?"

"கேக்கும்க்கா."

மற்ற எல்லாருக்கும் நான் மேடம் ஆகி ஒரு வருடமாகிவிட்டது. அவள் ஒருத்தி மட்டும் அக்கா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பென்சில் தட்டுறதும் கேக்கும்லா? பின்ன லைட் எரிஞ்ச உடனே எடுத்துட வேண்டியதுதானே?"

"எடுத்துட்டு என்னக்கா செய்ய? ஏற்கெனவே ஒருத்தர் பேசிக்கிட்டு இருக்காரு. அவரைப் பாதியில விட்டுட்டு இவரை எடுத்து, இவரையும் சும்மா நிறுத்தி வைக்கணும். ரெண்டு பேருக்கும்லா கஷ்டம்."

"உன் எண்ணு எல்லாம் கூடுதலா விழுது, பாத்துக்க. பின்னாடி உனக்குத்தான் தொந்தரவு."

"நீங்கதான அளக்கிய? நீங்க கேட்டுக்கிட்டுத்தான இருக்கிய? உங்களுக்குத் தெரியும்லா."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். வண்டி வந்தது. ஏறிக்கொண்டு ஜன்னல் வழியாகக் கையசைத்தாள். எனக்கு அன்று மனசு நிறைந்திருந்தது. என்னைப் பார்த்து யாரோ கையசைத்தார்கள் என்கிற சந்தோஷம். அவள் சொன்னதை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை. கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவளின் லட்சணம்.

அடுத்த வருடம் மூன்று நிரந்தர இடங்கள் வந்தன. ஐந்து பேர், மூன்று இடம். மேலதிகாரி நியாயமான மனிதர். சிபாரிசுக் கடிதங்களை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, "எண் பொய் சொல்லாது, அதை வச்சு முடிவு பண்ணுவோம்" என்றார். ஆறு மாதத் தாள்களைக் கூட்டிச் சராசரி எடுத்துக் கொடுக்கச் சொன்னார். எடுத்தேன். கோமதியின் தங்கை மகளுக்கு ஐந்து விநாடி. மற்ற மூன்று பேரும் அதற்குக் கொஞ்சம் மேலே கீழே. இசக்கி பத்தொன்பது. ஐந்தாவது இடம்.

அவர் தாளை வாங்கிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தப் பொண்ணு மேல ஒரு புகார்கூட வந்ததில்லையே. பொதுஜனங்க ரெண்டு பேரு பாராட்டி எழுதிக்கூட இருக்காங்க. பின்ன ஏன் இப்படி இருக்கு? வேற ஏதாவது காரணம் உண்டாம்மா? நீங்க சொன்னா நான் எழுதிக்கிடுதேன். உங்க காதுலதான எல்லாம் விழுது."

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த மனிதர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னை வா என்று கூப்பிடுகிறார். நான் சொல்ல வேண்டியது இரண்டே வாக்கியம். மற்றவர்கள் எண் பொய் சார். இவள் எண் மட்டும்தான் நிஜம் சார்.

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்கு ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. எல்லார் மேலும் விசாரணை வரும். தங்கை மகளுக்கு இடம் போகும். கோமதி இனி ஜென்மத்துக்கும் என் அறைக் கதவைத் திறக்கமாட்டாள். அந்தப் பூஜையில் கிடைத்த கால் மணி நேரம், அதற்குப் பிறகு எப்போதாவது படியில் கிடைக்கிற 'ஏட்டி', எல்லாம் போய்விடும். அவர் அறையின் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் கோமதி ஏதோ ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தபடி நின்றிருந்தாள். இன்னொரு பக்கம் இசக்கி. அவள் அங்கே நிற்கவில்லை. தன் பலகையில் யாருக்கோ நம்பர் தேடிக்கொண்டிருந்திருப்பாள்.

"கொஞ்சம் மெதுவான பொண்ணு சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். கையெழுத்துப் போட்டார்.

பட்டியல் ஒட்டிய அன்று கோமதி கேசரி கொண்டுவந்தாள். என் கையைப் பிடித்துச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிக்கொண்டு போய், தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். தன் சோற்றில் பாதியை எனக்குத் தள்ளினாள். புளிக்குழம்பும் அவியலும். நான் அன்று நன்றாகச் சாப்பிட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வருடத்தில் ருசி தெரிந்து சாப்பிட்ட ஒரே சாப்பாடு அது.

நிரந்தரமாகாத இரண்டு பேரையும் மாத முடிவோடு நிற்கச் சொல்லிவிட்டார்கள். நேராகப் பேசுகிற வசதி ஊர் ஊராக வந்துகொண்டிருந்தது, பலகைக்கு இனி இத்தனை பேர் வேண்டாம் என்றார்கள். கடைசி நாள் சாயங்காலம் இசக்கி என் அறைக்கு வந்தாள். கோமதி ஒரு தடவை கதவைத் திறந்து கூப்பிட்டதைத் தவிர, அந்த அறைக்குள் வந்து உட்கார்ந்த முதல் ஆள் அவள்தான். நாற்காலி ஒன்றுதான் இருந்தது. டைரக்டரி அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"போயிட்டு வாரேன்க்கா. சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்."

"உக்காரு. டீ சொல்லவா?"

"வேண்டாம்க்கா, வண்டிக்கு நேரமாயிட்டு. ஒண்ணே ஒண்ணு. என் தாளை ஒரு தடவை பாத்துக்கிடட்டுமா? அஞ்சு வருசமா என்ன அளந்தாவன்னு நான் பாத்ததே இல்ல."

காட்டக் கூடாது என்று விதி. எடுத்துக் கொடுத்தேன். அவள் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் பார்த்தாள். இருபத்தாறு என்று இருந்த இடத்தில் விரல் நின்றது. பக்கத்தில் தேதி இருந்தது.

"இது அந்தச் செவ்வாக்கெழமை. ஒரு அம்மா, போஸ்டாபீஸ்ல இருந்து பேசுனாவ. நாகர்கோயில் ஆஸ்பத்திரியில மவளுக்கு ஆப்பரேசன். எந்த வார்டுன்னு தெரியல, அழுதுக்கிட்டே இருந்தாவ. நான் நர்ஸம்மாவக் கூப்புட்டு, பிள்ள நல்லாருக்குன்னு அவிய வாயால சொல்ல வச்சேன். அதுக்குள்ள அடுத்த லைட்டு எரிஞ்சிட்டு. அதான் இருபத்தாறு."

விரலை அந்த வரியிலேயே வலது பக்கமாக நகர்த்திக்கொண்டு போனாள். கடைசியில் ஒரு கட்டம். மேலே 'குறிப்பு' என்று அச்சடித்திருந்தது. ஆறு மாதத் தாளிலும் அந்தக் கட்டம் மேலிருந்து கீழ்வரை வெள்ளையாக இருந்தது.

"இதுல என்னக்கா எழுதுவிய?"

"அதுல ஒண்ணும் எழுதுறது இல்ல."

"ஓ" என்றாள். தாளை அடுக்கி, முனைகளைத் தட்டிச் சரிசெய்து என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அரசாங்கத் தாள், அதில் எழுதுவது வழக்கமில்லை போலிருக்கிறது என்று நம்பிவிட்டாள். அப்படி ஒரு வழக்கமே கிடையாது. எழுதலாம். அதற்காகத்தான் அந்தக் கட்டத்தை அச்சடித்திருந்தார்கள். நான் எழுதவில்லை, அவ்வளவுதான்.

அவள் போன பிறகு ஆறு வாரம் என்னால் அந்த ஹெட்செட்டை நிம்மதியாக மாட்ட முடியவில்லை. அவள் நாற்காலியில் வேறொருத்தி. நான்கு விநாடி, "ஒரு நிமிஷம் இருங்க", பிறகு ஹலோ, ஹலோ. ஒருநாள் காலை ஒரு கிழவி, எந்த ஊரோ, "யாராவது இருக்கியளா, யாராவது இருக்கியளா" என்று கேட்டுக்கொண்டே இருந்து, தானாகவே அலுத்துப்போய் வைத்துவிட்டாள். நான் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டுவிட்டு நேராக மேலதிகாரி அறைக்குப் போனேன். சத்தம் குறைவதைச் சொன்னேன், பென்சிலைச் சொன்னேன், நானே தட்டியதையும் சொன்னேன். இசக்கியின் பத்தொன்பது விநாடி என்ன என்பதைச் சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார்.

"அன்னைக்கு நான் உங்ககிட்ட கேட்டேன்லாம்மா? வாய்விட்டுக் கேட்டேனே. அப்பம் ஏன் சொல்லல?"

"அவங்க எங்கூடப் பேசணும்னு சார்."

எனக்கு அப்போது நாற்பத்தோரு வயது. ஒரு அதிகாரி முன்னால் நின்று அதைச் சொல்லி அழுதேன். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். பட்டியல் மேலே போய் ஆணையும் வந்துவிட்டது, இனி அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் செய்ய முடியாது என்றார். முயற்சி செய்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். நடக்கவில்லை.

மற்றது நடந்தது. டெக்னீஷியன் வந்து சத்தம் குறையாதபடி கம்பியைச் சரிசெய்தார். இனி முதல் குரலை மட்டும் அளக்காமல், கூப்பிட்டவர் வேலை முடிகிற வரைக்கும் அளக்கச் சொன்னார்கள். அடுத்த மாதம் எல்லார் எண்ணும் எகிறியது. ஒவ்வொருவருக்கும் மெமோ. வணக்கம்கூட நின்றுபோனது. கோமதி ஓய்வு பெறுகிற வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் பிரிவு உபசார விழாவில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன், மாலை போட எழுந்து போகக் கால் வரவில்லை. பதினேழு வருடம் அந்த அறையில் தனியாகச் சாப்பிட்டேன். தாளில் மட்டும் பொய் இல்லை. குறிப்புக் கட்டத்தில் இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவைகுண்டம் போனேன். என் ஊருக்கு முந்தின ஸ்டேஷன்தான், எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன், இறங்கியதில்லை. விசாரித்துக்கொண்டு போனேன். இசக்கி ஒரு வாழைத்தார் மண்டியில் வேலைக்கு இருந்தாள். கேரளத்து வியாபாரிகள் போனில் விலை கேட்பார்கள், இவள் எடுத்துச் சொல்ல வேண்டும். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, தார்களை நகர்த்தி, ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்கக்கா, என்னக்கா இவ்வளவு தூரம்? ஊருக்குப் போற வழியா?"

"இல்ல. உன்னப் பாக்கத்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அதிகாரி கேட்டதை, நான் சொன்னதை, 'கொஞ்சம் மெதுவான பொண்ணு' என்கிற அந்த மூன்று வார்த்தையை மாற்றாமல் சொன்னேன். குறிப்புக் கட்டத்தில் எழுதலாம் என்பதைச் சொன்னேன். இப்போது போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டேன் என்றும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். அவளைப்போலக் கேட்க ஆள் கிடையாது.

"அப்பம் எனக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்குமாக்கா?"

"கிடைக்காது இசக்கி. முடிஞ்சு போச்சுன்னு சொல்லிட்டாங்க."

"அப்படின்னா இதை எங்கிட்ட எதுக்குக்கா வந்து சொல்லுதிய?"

குத்திக்காட்டவில்லை. நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை, அதனால் கேட்டாள். மேசையில் போன் அடித்தது. அவள் எடுக்கவில்லை. நான் பதில் சொல்வேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மண்டிக்காரர் உள்ளேயிருந்து, "ஏட்டி இசக்கி, போனை எடு" என்று சத்தம் போட்டார். அப்போதும் எடுக்கவில்லை.

அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்றால் எனக்குப் பேச ஒரு ஆள் மிஞ்சும். அதற்காகத்தான் வந்திருந்தேன். அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"எடும்மா" என்று சொல்லிவிட்டு எழுந்தேன். அவள் போனை எடுத்துக் காதில் வைத்து, "சொல்லுங்க" என்றபோது நான் தெருவில் இருந்தேன்.

நீங்கள் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்கள் திரை விநாடியைக் காட்டும், எனக்கு வாட்ச் காட்டிய மாதிரி. யாராவது ஒரு நாள் ஒரு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உங்களிடம், வேறு ஏதாவது காரணம் உண்டா என்று கேட்பார்கள். உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த அறையைவிட்டு வெளியே வருவதற்கு முன்னால் சொல்லிவிடுங்கள். நானும் சொன்னேன், அவள் போய் ஆறு வாரம் கழித்து. பலகை திருந்தியது, விதி மாறியது, என் மனசும் ஓரளவு லேசானது. இசக்கிக்கு மட்டும் ஒன்றும் கிடைக்கவில்லை.